கை விலகினால் நேரே பாய்

1959 மார்ச் 3, ஹாங்காங்

இன்றும் மொட்டைமாடியில் என்னோடு பயிலும் புய் சோயுடன் ஒட்டுக்கைப் பயிற்சி. எங்கள் விங் சுன் சண்டைக்கலையில் முன்கையோடு முன்கை ஒட்டி, எதிரி செய்யப்போவதைத் தோலாலேயே அறிய வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருடமாகப் பார்க்காதவன் இப்போது ஏன் பார்க்கிறான்?

என்னைவிட மூன்று வயது இளையவன். எனக்கு ஒரு வாரம் முன்னால் இந்தச் சண்டைப் பள்ளியில் சேர்ந்துவிட்டான் என்பதற்காக நான் அவனை அண்ணன் என்கிறேன். அது வேறு எரிச்சல்.

மார்ச் 9

தெற்குத் தெருப் பள்ளியோடு போட்டிக்கு மூன்று வாரம். எங்கள் பக்கம் இறங்கப்போவது அவன்தான். அந்தப் பள்ளிக்காரன் ஒருவனோடு தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தானாம்.

"யாருண்ணே அது?" என்று கேட்டேன்.

"சாயப்பட்டறைல கூட வேலை பாக்குறவன்டா. நீ என்ன போலீசா?"

சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

மார்ச் 10

நம்பலாமா? மாட்டேன்.

மார்ச் 14

கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யலாம் என்றேன். "இன்னிக்கு வேணாமே" என்று நழுவப் பார்த்தான். "பயமா அண்ணே?" என்றதும் துணியைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டான். நான் கட்டவில்லை. நடுவில் வேண்டுமென்றே இரண்டு கைகளையும் எடுத்துவிட்டேன்.

வருவதைத் தாங்கு, போவதை வழியனுப்பு, கை விலகினால் நேரே பாய் — முதல் வருடமே எலும்பில் ஏறிவிடும் விதி. அவன் குத்து என் நெஞ்சில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. கைகளை நீட்டியபடி சும்மா நின்றான்.

தோற்பதற்கு ஒத்திகை பார்க்கிறான். விலைபோய்விட்டான் பாவி.

மார்ச் 15

எங்கள் குவோக் ஆசானிடம் சொல்லிவிட்டேன். அவனைப் பள்ளியிலிருந்தே நீக்கிவிட்டார். அவன் வாயே திறக்கவில்லை. குற்றமில்லாதவன் பேசமாட்டானா? போட்டிக்கு இனி நான்.

மார்ச் 22

கஞ்சிக்கடையில் அவனைப் பார்த்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய மண்சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "ஐயோ, கை வேகுதுய்யா!" என்று கடைக்காரி கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தான். விரலெல்லாம் கொப்பளம்.

ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். "எப்போலேர்ந்து?"

"புத்தாண்டுக்கு முன்னாடிலேர்ந்து. முழங்கை வரைக்கும் மரத்துப்போச்சு. சாயத்தொட்டி மருந்தாலங்கறார் வைத்தியர். கூட வேலை பாக்குறவனுக்கும் இதேதான். அவன்தான் வைத்தியர் வீட்டைச் சொன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அப்புறம் யாருடா என்னோட கை கோப்பா?"

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்குக் கண்ணைக் கட்டினப்போ... நான் கையை எடுத்தேனேண்ணே."

"எடுத்தியா? உன் கை என் கை மேலதான் இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்."