கதவில் எரியும் சிவப்பு லைட்

சுகர் லேண்ட், அமெரிக்கா
செப்டம்பர் 8, திங்கள், பகல் இரண்டு மணி

கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகன் அகிலனுக்கு, இந்தப் பக்கம் இருக்கும் அம்மா கலாவதி எழுதுவது.

இங்கே நானும் உன் மகள் கயலும் நலம். உன் நலம் அறிய வழியில்லை. காலை எட்டு மணியிலிருந்து உன் அறைக் கதவில் சிவப்பு லைட் எரிகிறது. எரிந்தால் மீட்டிங், தட்டக் கூடாது என்பது உன் சட்டம். போனில் மெசேஜ் போடச் சொன்னாய். ஏழு போட்டேன், நீ ஒன்றையும் பார்க்கவில்லை. அதனால் கயல் படம் வரைகிற நோட்டில் தாள் கிழித்து எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

நம்மூர் கோபிக்கு வந்து என்னைக் கூப்பிட்டபோது என்ன சொன்னாய்? "எனக்கு வீட்லயேதானுங்கம்மா வேலை. மத்தியானம் நீங்க, நான், கயலு மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்." அந்த ஒரு பேச்சுக்காகத்தான் வீங்கின காலோடு விமானத்தில் வந்து இறங்கினேன். நாற்பது நாள் ஆயிற்று. ஒரு மத்தியானமாவது வந்தாயா? ஃப்ரீவேயில் அத்தனை தூரம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வருகிற மருமகள் மாளவிகாவைக்கூடத் தினமும் பார்க்கிறேன். பெற்ற மகனைப் பார்ப்பதில்லை.

குக்கர் வைக்காதே, மிக்சி ஓட்டாதே, குழந்தையை ஓட விடாதே என்கிறாய். நாலு வயசுப் பிள்ளை குசுகுசுவென்று பேசுகிறது. இது வீடா, பரீட்சை ஹாலா? சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டு நகர எனக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு மேசைக்கு வா.

உன் அம்மா

*

செப்டம்பர் 8, மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

கோவிச்சுக்காதீங்க. புது மேனேஜர் எல்லாரையும் ஆபீசுக்கே வரச் சொல்றார். எங்க டீமை மட்டும்தான் இன்னும் விட்டு வெச்சிருக்கார். போன வாரம் குக்கர் விசில் கேட்டு, "உன் வீட்டுக்குள்ள ரயில் ஓடுதா"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் ஆபீஸ் போயிட்டா, நீங்க ஊருக்குத் திரும்பினப்புறம் கயலை டேகேர்லதான் விடணும். அவளுக்காகத்தானே இத்தனையும்?

வர்ற திங்களோட இந்த வேலை முடிஞ்சிரும். அப்புறம் தினமும் உங்களோடதான் சாப்பாடு. இன்னைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு பிரமாதம்.

அகிலன்

*

செப்டம்பர் 18, வியாழன்

அகிலனுக்கு,

அன்றைக்கு நான் வைத்தது பூசணிக்காய். அதைச் சொல்ல வேண்டாமென்று இருந்தேன். இன்று எல்லாவற்றையும் சொல்கிறேன்.

நீ சொன்ன திங்கள் வந்தது, போனது. நீ வரவில்லை. இன்று பதினொன்றரை மணிக்குக் கயல் பின்வாசல் படியில் விழுந்து தாடை கிழிந்துவிட்டது. என் முந்தானை நனைகிற அளவுக்கு ரத்தம். தூக்கிக்கொண்டு உன் கதவுக்கு ஓடி வந்தேன். லைட் எரிந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஸ்வர்ணாதான் காரில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனாள். போகிற வழியில் மாளவிகாவுக்குச் சொன்னோம். தையல் போடுவதற்குள் வந்து நின்றாள். மூன்று தையல். இருபது மைலுக்கு அப்பால் இருந்தவள் வந்தாள். பத்தடியில் இருந்தவன் வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், அவள் விழுவதற்கு முன்பே உன் கதவோரம் நான் வைத்த தட்டு காலி. கையை நீட்டி எடுத்துத் தின்றுவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறாய். அதே இடத்தில் கார்ப்பெட்டில் சொட்டியிருந்த ரத்தம் உன் கண்ணில் படவில்லையா?

கலாவதி

*

செப்டம்பர் 18, மாலை

அம்மா,

நேர்ல பேச வந்தேன். முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. அதனால எழுதறேன்.

அந்த நேரத்துல எனக்கு மீட்டிங்கே இல்லீங்கம்மா. காலைல போட்ட லைட்டை அணைக்க மறந்துட்டேன். காதுல ஹெட்போன், போன் சைலன்ட்ல. கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே தட்டை எடுத்தேன், கீழ பாக்கல. என்னால இதைத் தாங்க முடியல.

ஆனா ஒண்ணு கேக்கறேன். ரத்தம் கொட்டற குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஏம்மா கதவைத் தட்டல? யாரா இருந்தாலும் உடைச்சிருப்பாங்களே. உங்க வீம்பும் இதுல இல்லையா?

அகிலன்

*

செப்டம்பர் 19, வெள்ளி

அகிலனுக்கு,

வீம்பா? கேட்டுக்கொள்.

தட்டத்தான் கையைத் தூக்கினேன். உன் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "நோ, அப்பத்தா. ரெட் லைட். அப்பா திட்டும்" என்றாள். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகிற சத்தம் உனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. கிழிந்த தாடையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள், அகிலா. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தட்டத் தோன்றவில்லை. உன்னைத் தேடவே தோன்றவில்லை.

நான் தட்டாதது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அவளுக்கு அப்படிப் பழக்கிவிட்டது யார் தப்பு? அவளுக்காகத்தான் இத்தனையும் என்று எழுதினாயே, அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

அந்த லைட்டைக் கழற்றிவிட்டேன். இப்போது அது என் அறைக் கதவில் இருக்கிறது. எனக்கும் இந்த வீட்டுக்குள்தான் வேலை. தினமும் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை வரை நானும் கயலும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவோம். லைட் எரியும். யாரும் தட்ட வேண்டாம். உன் தட்டு இனி உன் கதவுக்கு வராது.

கலாவதி

*

செப்டம்பர் 22, திங்கள், பகல் 12.10

அம்மா,

உங்க கதவுக்கு வெளிய நிக்கறேன். லேப்டாப்பை மூடிட்டேன். அரை மணி நேரம் யாரும் கூப்பிடாதீங்கன்னு மேனேஜருக்கு எழுதிட்டுத்தான் வந்தேன். என்ன சொல்வாரோ தெரியல.

உள்ள கயல் சத்தமா சிரிக்கறா. அவ இப்படிச் சிரிச்சு நான் கேட்டே எத்தனை நாளாச்சு. தட்டக் கையைத் தூக்கினேன். லைட் எரியுது. கையை இறக்கிட்டேன்.

உள்ள வரலாங்களா?

அகிலன்

*

அதே தாளின் பின்பக்கம்

அகிலனுக்கு,

இன்று வேண்டாம். சாப்பிட்டு முடித்துவிட்டோம். உன் பங்கு ரசம் அடுப்பில் இருக்கிறது, நீயே போட்டுக்கொள்.

இந்த லைட்டைப் போடுவதும் அணைப்பதும் கயல்தான். உன்னை உள்ளே விடலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வந்து அவளிடமே கேள். குசுகுசுவென்று கேட்காதே, சத்தமாகக் கேள். அவளும் உனக்குச் சத்தமாகப் பதில் சொல்லட்டும்.

அம்மா