மீட்டர் கண்ணாடியில் வைத்த பொட்டு

கை கழுவியும் விரல்களில் பற்பசை வாசம் போகவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து உங்கள் வீட்டு வாசலில், உங்கள் காரில், உங்கள் சீட்டில் உட்கார்ந்து மீட்டருக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மீட்டருக்கு முன்னால் இருப்பது பிளாஸ்டிக் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நாம் அதைக் கண்ணாடி என்றுதான் சொல்கிறோம். நீங்கள் போன பிறகும் அந்த வழக்கத்தில் மாற்றமில்லை.

உங்கள் மகளுக்குச் சரவணம்பட்டியில் வேலை கிடைத்துவிட்டது. கிணத்துக்கடவிலிருந்து தினமும் உங்கள் காரில்தான் போய்வருவாளாம். “மாமா, அந்தக் கறையை மட்டும் எடுத்துக் குடுங்க, எனக்கு மீட்டர் தெரியோணும்” என்றாள். அதற்காகத்தான் போனேன்.

கறை என்று அவள் சொன்னது நீங்கள் வைத்த பொட்டை.

அந்த மஞ்சள் விளக்கு முதலில் எரிந்தபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நாம் இருவரும் ஒரே பம்புசெட் கம்பெனிக்கு ஒரு வாரம் உங்கள் வண்டி, ஒரு வாரம் என் வண்டி என்று போய்வந்த காலம். மீட்டரில் எஞ்சின் படம் போட்ட அந்த விளக்கை நீங்கள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தீர்கள். “ஏனுங்க, வண்டி நல்லாத்தான ஓடுது? இது சும்மா மெரட்டுதுங்க” என்றீர்கள். ஒர்க்‌ஷாப்பில் காட்டலாம் என்றேன். “காட்டுனா ஏதாச்சும் இருக்குன்னுதானுங்க சொல்லுவாங்க” என்றீர்கள். மறுக்க முடியாத வாதம்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. வண்டியின் நெற்றி, ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்தீர்கள். கடைசியில் பெருவிரலில் ஒரு கட்டிப் பொட்டை எடுத்து, அவ்வளவு பெரிய மீட்டரில் மிகச் சரியாக அந்த விளக்கின் மேலேயே அப்பினீர்கள். “அது என்னங்க, வண்டிக்கு அங்க ஒரு நெத்தியா?” என்றேன். “இனி அம்மன் பாத்துக்குவா. நீங்க சும்மா வாங்க.”

பக்தியும் சோம்பலும் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. அதற்காக நாம் சண்டைகூடப் போட்டோம். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ சேர்த்துப் போட்ட சண்டை. கேட்டவர்கள் விருந்துக்கு அழைக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். வருடா வருடம் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு ஏறியது. வெயிலில் காய்ந்து, சாயம் பிளாஸ்டிக்கில் ஊறி, அது வண்டியோடு பிறந்த மச்சம் மாதிரி ஆகிவிட்டது.

இன்று நான் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்தபோது, காபி கொண்டுவந்த உங்கள் மனைவி பார்த்துவிட்டார்.

“அண்ணா, அதை மட்டும் உட்டுப்போடுங்க. அவரு கையால வெச்சது.”

“அம்மா, அதுக்குக் கீழ ஒரு லைட்டு இருக்குது. எரியுதான்னு நான் பாக்கோணுமில்ல?” என்றாள் பக்கத்தில் நின்ற உங்கள் மகள்.

“உங்கப்பா இத்தன வருசம் ஓட்டுனாரே. ஒண்ணும் ஆகலயே கண்ணு?”

சொல்லிமுடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. மூவருக்கும் நினைவு வந்தது ஒன்றுதான். வண்டி ஓட்டும்போது இடது கையால் நெஞ்சை நீவுவீர்கள். கேட்டால் “கேஸுங்க” என்பீர்கள். வழியில் ஒரு கடையில் சோடா. டாக்டரிடம் போகச் சொன்னால், போனால் ஏதாவது இருக்கிறதென்றுதான் சொல்வார்கள் என்று அதே வாதம். அந்த விளக்குக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டீர்கள்.

உங்கள் மனைவி உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் உங்கள் பழைய வேட்டியில் கிழித்த துண்டு.

“இதுல தொடைங்க. அந்தத் துணி கீறிப்போடும்.”

கூரை விளக்கின் மூடி நினைவிருக்கிறதா? அதில் இருந்த கறையை எடுக்கிறேன் என்று, மகளின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றித் தேய்த்தீர்கள். கறை போனது. கூடவே பளபளப்பும் போய் மூடி வெள்ளையாகப் பூத்துவிட்டது. “கண்ணுல பூ உழுந்துருச்சுங்க, வயசாச்சில்ல” என்று வண்டியின் மேல் பழியைப் போட்டீர்கள். அதனால் நான் அவசரப்படவில்லை. முதலில் சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டேன். மேல் மண்டி கரைந்தது. மிச்சமிருந்த சிவப்பின் மேல் பற்பசையைத் தொட்டு, அழுத்தாமல் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். தோள் வலித்தது. வேட்டித் துண்டு சிவந்தது. அப்புறம் வெளுத்த ரோஜா நிறம். அப்புறம் ஒன்றுமில்லை.

மகள் சாவியைத் திருப்பினாள். எல்லா விளக்குகளும் எரிந்தன. எஞ்சின் ஓடியதும் ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சள் மட்டும் அணையவில்லை.

“பாருங்க, எரியுது” என்றாள்.

உங்கள் மனைவி ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். “இத்தன நாளும் எரிஞ்சுட்டேதான் இருந்துச்சாங்கண்ணா?”

“ஆமாங்க.”

அவர் மகள் பக்கம் திரும்பினார். “கண்ணு, நாளைக்கு நீ பஸ்ஸுல போ. வண்டி ஒர்க்‌ஷாப் போகட்டும்” என்றார்.

அந்த ஆயுத பூஜையில் என் வண்டிக்கும் சேர்த்து நீங்களே பொட்டு வைத்தீர்கள், அதே இடத்தில். வீடு திரும்பியதும் அதைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். என் வண்டியில் அந்த இடத்தில் விளக்கே கிடையாது. ஆகவே அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தோள் வலிதான் இன்னும் விடவில்லை. தேய்த்ததால் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் போன வாரம் நான் எதையும் தேய்க்கவில்லை, அப்போதும் வலித்தது. நாளைக் காலை டாக்டரிடம் போகிறேன். கேஸாகத்தான் இருக்குமுங்க. இருந்தாலும் பார்த்துவிடுகிறேன்.