சாப்பாட்டு மேஜையில் ஜாகுவார்

12 அக்டோபர், ஞாயிறு

இன்றும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். மேஜை முழுக்கப் பிரசன்னாவின் விமானம். ஜாகுவார் போர் விமானத்தின் மாதிரி, நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. இறக்கை ஒட்டியாகிவிட்டது, பெயிண்ட் அடிக்கவில்லை. ஏப்ரலில் பெங்களூருக்கு மாற்றல் என்று போனவர் அப்படியே விட்டுவிட்டுப் போனார். மே மாதம் போனில் சொன்னார்: இனி வரப்போவதில்லை, அங்கே ஒருத்தி இருக்கிறாள்.

துணிமணியை விட்டுவிட்டுப் போவார், கட்டின பெண்டாட்டியையும் விட்டுவிட்டுப் போவார். இதை விடமாட்டார். பைலட் உட்காரும் காக்பிட்டுக்குள் சுவிட்சுகளுக்குப் புள்ளி வைக்க ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்த மனுஷன். பக்கத்தில் நின்று தும்மினேன் என்று நாலு நாள் என்னோடு பேசாதவர். இதை எடுக்கவாவது திருவேற்காட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? வந்தால் பேசிக்கொள்ளலாம்.

தினமும் பிரஷ்ஷால் தூசி தட்டுகிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

20 அக்டோபர், தீபாவளி

வரவில்லை. கீழ்வீட்டு ஷாகிதா அக்காவிடம் வழக்கமான பொய் — லீவு கிடைக்கவில்லையாம்.

9 நவம்பர்

நாசம் பண்ணிவிட்டேன்.

சாரல் அடிக்கிறதே என்று மேஜையை நகர்த்தினேன். காக்பிட்டின் கண்ணாடி மூடி கழன்று விழுந்தது. அவர் அதை டேப் போட்டுத்தான் நிறுத்தியிருந்தார். தொலைந்துபோகுமே என்று சூப்பர் க்ளூ வைத்து அழுத்தி ஒட்டினேன். மத்தியானம் பார்த்தால் மூடிக்கு உள்பக்கம் வெள்ளை வெளேரென்று படலம். துடைக்கக்கூட முடியாது. அந்தப் பசையின் ஆவி கண்ணாடி பிளாஸ்டிக்கை வெளுத்துவிடுமாம். மாடல் செய்கிற எல்லாருக்கும் தெரியுமாம், யூடியூபில் சொல்கிறான். எனக்கு எவன் சொன்னான்? அவர் புள்ளி வைத்த சுவிட்ச் ஒன்றுகூடத் தெரியவில்லை.

கத்தப்போறார். கத்தட்டும். கத்துறதுக்காவது நேர்ல வரட்டும் — ச்சீ, என்ன பொழப்புடி இது?

10 நவம்பர்

போன் பண்ணிச் சொன்னேன். கத்துவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அவரோ, அவ்வளவு சாந்தமாக:

"பரவால்ல விடு ரேவதி. நான் இங்க வேற ஒண்ணு வாங்கிட்டேன். பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு."

தும்மினதுக்கு நாலு நாள். இதுக்குப் பரவால்லையா? அந்த வீட்டில் எந்த மேஜைமேல் வைத்திருக்கிறார்? அவள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள்? பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

11 நவம்பர்

லீவு போட்டேன். அடுப்பு பற்றவைக்கவில்லை.

30 நவம்பர்

குப்பையில் போடத்தான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மழையில் குப்பை வண்டி வரவில்லை. தெருவில் வைத்துவிட்டு வர மனசு வரவில்லை, திரும்ப மேலே கொண்டுவந்தேன். வந்த ஆத்திரத்தில் அவருடைய பெயிண்ட் டப்பாக்களைத் திறந்தேன். அவர் முடிக்காததை நானே முடித்துத் தொலைக்கிறேன்.

14 டிசம்பர்

சாம்பல் நிறம் காய்ந்துவிட்டது. அதன்மேல் பச்சைத் திட்டுகள் வர வேண்டும். ஒட்டுகிற பசைக் களிமண்ணை முறுக்கு மாவு போல உருட்டி ஓரம் கட்டி, பச்சை படக்கூடாத இடத்தில் டேப் ஒட்டி, அவருடைய கம்ப்ரஸரை ஓட்டி ஸ்பிரே அடிக்க வேண்டும். முதல் தடவை வழிந்து அசிங்கமாகிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். ஓரம் சுத்தமாக வந்தது. சந்தோஷம் என்றெல்லாம் இல்லை, இன்னும் எரிச்சல்தான்.

11 ஜனவரி, ஞாயிறு

அவருடைய ஆபீஸ் நண்பர் பரத் ஒரு பெரிய பையோடு வந்தார். இங்கே இருக்கிற ஸ்பிரே கம்ப்ரஸரை என்னிடமிருந்து வாங்கிப் பெங்களூருக்கு அனுப்பப் பிரசன்னா சொன்னாராம். நான் கை முழுக்கப் பச்சையோடு கதவைத் திறந்தேன். உள்ளே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுல நான் வேலை செஞ்சிட்டிருக்கேன் பரத். அவர வேற ஒண்ணு வாங்கிக்கச் சொல்லுங்க."

பரத் என் கையைப் பார்த்தார், பையை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். துணி காயப்போட மாடிக்கு வந்துகொண்டிருந்த ஷாகிதா அக்கா நின்றுவிட்டார்.

"இன்னா ரேவதி, ஊட்டுக்காரரு பொங்கலுக்காவது வர்றாரா?"

லீவு கிடைக்கவில்லை என்பது வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லக்கா. அவர் அங்க வேற ஒருத்தியோட இருக்கார். இனிமே வரமாட்டார்."

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். கம்ப்ரஸரை எப்படி அணைப்பது என்று மட்டும் கேட்டு, அணைத்துவிட்டு, டீ போடப் போனார். மே மாதம் அழ வேண்டியதை இன்றைக்கு அழுதேன்.