யெஸ்டி டேங்கின் துரு

நேமம்,
திருவனந்தபுரம்.
அக்டோபர் 14

அன்பு மகள் ஆர்ஷாவுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். ஜெர்மனியில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னாள். உன் சேதியெல்லாம் அவள் வழியாகத்தான் எனக்கு வருகிறது. போனை அவள் என் பக்கம் நீட்டும்போதெல்லாம் உனக்கு ஏதோ மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். மலையாளத்தில் எழுதினால் நீ வேகமாக வாசிப்பாய். ஆனால் மலையாளத்தில் எழுத உட்கார்ந்தால் மின்வாரியத்துக்கு விளக்கம் கொடுப்பது போலவே எனக்கு வருகிறது. ஞாயிறு பள்ளியில் படித்த தமிழ் உனக்கு மறந்திருக்காது. எழுத்துக்கூட்டியாவது கடைசி வரை வாசி.

நம்முடைய யெஸ்டி பைக்கை வெளியே எடுத்திருக்கிறேன். ஆகஸ்டில் மழை விட்ட ஒரு நாள் தார்ப்பாயை இழுத்தேன். சீட்டுக்குள் எலி குடும்பமே நடத்தியிருந்தது. எஞ்சின் பரவாயில்லை. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே செக்கச்செவேல் என்றிருந்தது. விரலை விட்டேன், துரு அப்பளம் போல உடைந்து வந்தது. கரமனை மெக்கானிக் பிஜு பார்த்துவிட்டு, "சாரே, இதைக் களைஞ்சிரும், வேற டேங்க் கிட்டும்" என்றான். எனக்கு மனம் வரவில்லை.

அந்த டேங்கின் மேல்தானே நீ உட்கார்ந்து வருவாய்! மூன்று வயதிலிருந்தே சனிக்கிழமை மீட்டர் ரீடிங்குக்கு நீயும் வந்தாக வேண்டும். பள்ளிச்சல், வெள்ளாயணி என்று என் ஏரியா முழுக்கச் சுற்றியிருக்கிறாய். ஹாரன் அடிக்கும் உத்தியோகம் உன்னுடையது. ஆள் இல்லாத ரோட்டிலும் விடாமல் அடிப்பாய். நான் வண்டியை நிறுத்தும் முன்பே, "கரண்டு ஆபீஸ் பாப்பா வந்தாச்சு" என்று கேட்டைத் திறப்பார்கள். உன் ஷூ பக்கிள் உரசிய கோடு டேங்கின் இடப்பக்கம் இன்னும் இருக்கிறது. என் முப்பத்தோரு வருட சர்வீஸில் அந்தச் சனிக்கிழமைகள்தான் நல்ல நாட்கள்.

எதிர்வீட்டுச் சரசம்மாவின் மரத்தில் இரும்பன் புளி கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது. அரிவாள் துருவுக்கு அதைத்தானே தேய்க்கிறோம், டேங்குக்கு மட்டும் ஆகாதா என்று ஒரு கூடை பறித்துச் சாறு பிழிந்து ஊற்றினேன். கூடவே இரண்டு கை நட்டும் போல்ட்டும் போட்டேன். அப்புறம் குலுக்க வேண்டும். இரண்டு நாள் குலுக்கியதில் துரு போகவில்லை, என் முதுகுதான் போயிற்று. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் தென்காசிக்காரர் செல்வகணேஷ், "குடுங்க சார், நம்ம மிக்ஸர்ல கட்டிருவோம்" என்றார். பழைய மெத்தையில் டேங்கைச் சுற்றி, கான்கிரீட் மிக்ஸரில் கயிறு போட்டுக் கட்டி, ஒரு மணி நேரம் சுற்றவிட்டோம். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அம்மா மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கவிழ்த்தால் பால் விடாத கட்டன்காப்பி நிறத்தில் ஒரு வாளித் தண்ணீர். உள்ளே பளபளவென்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பச்சைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் துரு பூத்திருக்கிறது. பிஜு தலையில் அடித்துக்கொண்டான். ஈரத்தை உடனே போக்கி எண்ணெய் காட்டியிருக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இந்த முறை சோடாப்பொடி கரைத்து அலசி, நீ விட்டுப்போன முடி உலர்த்தும் மெஷினால் ஒன்றரை மணி நேரம் காற்றுவிட்டேன். பிறகு ஆயிலும் பெட்ரோலும் கலந்து கழுத்துவரை நிரப்பினேன். காலியாகக் கிடந்தால்தான் துரு பிடிக்கும் என்றான் பிஜு. பிறகு எதற்காகக் காலியாகப் போட்டேன் என்றும் கேட்டான். அவனிடம் பதில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

நகரத்தின் அந்தக் கோடியில், கழக்கூட்டத்தில் வேலை கிடைத்ததும் நீ வண்டியைக் கேட்டாய். எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது, ஓடாது என்றேன். அது பொய். முந்தின நாள் நானேதான் ட்யூபைக் கழற்றிப் பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் பிளாஸ்டிக் கன்னாசில் வடித்தேன். ஹைவேயில் லாரிகளைக் கண்டு பயம் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பாதிதான். பெண்பிள்ளை யெஸ்டியில் போனால் சபையில் என்ன பேசுவார்களோ என்பது மீதி. நீ தம்பானூரில் மாறி இரண்டு பஸ் பிடித்துப் போனாய். மூன்றாம் வாரம் என் அண்ணன் மகன் அஜீஷ் சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் போக வண்டி கேட்டான். வடித்த பெட்ரோலையே திருப்பி ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பஸ் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்ததை நீ அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஞாயிறு பெட்டியைக் கட்டி ஹாஸ்டலுக்குப் போனாய். அங்கிருந்து ஜெர்மனிக்கு. வெட்கத்தில் நான் மறுபடியும் பெட்ரோலை வடித்துத் தார்ப்பாயைப் போட்டு மூடினேன்.

நீ அன்று கேட்டிருந்தாலும் இன்னொரு பொய்தான் சொல்லியிருப்பேன். தப்பு முழுக்க என்னுடையது, மகளே. உன்னைத் தூக்கி டேங்கில் உட்கார்த்தியவனே உனக்கு வண்டியைத் தர மறுத்தான்.

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஏழு வருசமா நானும் சொல்லுதேன், இப்பதான் அவியளுக்குக் காது கேட்டுது" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். உனக்கு மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யார் கையில் கொடுத்தனுப்புவது என்று தெரியவில்லை.

வண்டி டெஸ்ட் முடிந்து பதிவும் புதுப்பித்தாயிற்று. இத்துடன் இரண்டு ஃபாரம் வைத்திருக்கிறேன், வண்டியை உன் பெயருக்கு மாற்றுவதற்கு. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். நீ போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே நான் எழுதி அடித்திருப்பதைப் பார். நீ நேரில் வந்தால்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்குவார்கள் என்று எழுதத் தொடங்கி, இதுவும் பொய்யாகிவிடுமே என்று அடித்தேன். தபாலில் அனுப்பினாலும் காரியம் நடக்கும்.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. ஆனாலும் தபாலில் அனுப்பாதே, மோளே. கையில் கொண்டு வா.

உன் அப்பா,
ராஜையன்