சுண்டாத காசு

8.2.82 திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. பத்தாம் வகுப்புக் கூரை ஒழுகிக் கரும்பலகை ஈரம். வாயால் வீட்டுவேலை சொன்னேன். காசை நூறு தரம் சுண்டுவது. பூ விழுந்தால் ஓரடி முன்னே, தலை விழுந்தால் ஓரடி பின்னே. காசுக்கு முந்திய அடி ஞாபகமிராது. அப்படி நடந்தால் நூறடி முடிவில் தொடங்கிய இடத்திலிருந்து பத்தடி அளவில் விலகி நிற்கலாம். சிலர் கூட, சிலர் குறைய.
வாங்க: தீப்பெட்டி, நீலம், தலைவலி மாத்திரை.

9.2 செவ்வாய்
பதினெட்டுத் தாள். பதினேழில் ஒன்றுகூட நாலடி தாண்டவில்லை. ஒரே பக்கம் மூன்று தரம் அடுத்தடுத்து விழவேயில்லை. கேட்டேன். முன்வரிசை வாங்கில் இருப்பவள் எழும்பினாள்.
"காசு சுண்டுறது சூதாம் டீச்சர், மார்க்கத்துல ஹறாமாம். உம்மா ஏசினா. அதான் மனசால எழுதினோம்."
சூதுக்குப் பயம். பொய்க்குப் பயமில்லை.
மனசால் எழுதும் கை இரண்டு பூ போட்டதும் கூசித் தலைக்குத் திரும்புகிறது. ஒவ்வோர் அடியும் முந்தியதை நினைத்துப் பின்னுக்கு இழுக்கிறது. அப்படியொரு நடை எங்கும் போய்ச் சேராது. இந்த ஊரில் நாற்பத்து மூன்று வருடம் இருப்பவளுக்கு இது புதிதில்லை.
பசீலா மட்டும் உண்மையாகச் சுண்டியிருக்கிறாள், வாப்பாவின் சைக்கிள் கடையில் உட்கார்ந்து. ஓரிடத்தில் தொடர்ந்து எட்டுப் பூ. முடிவு பதினெட்டடி.

10.2 புதன்
மழை விட்டது. நுளம்புக் கடி.
பிரதி அதிபர் தாள்களைப் புரட்டினார்.
"எட்டுப் பூ ஒண்டா விழுமா டீச்சர்? பச்சப் பொய். இவளக் கணிதப் பிரிவுக்குப் போடாதீங்க. பட்டியல் நாளைக்குப் போகணும்."
"மத்தப் புள்ளையள்?"
"அதுகள் நேர்மையான புள்ளையள்."
சிரிப்பை இருமலாக்கினேன். கணிதம் கிடைக்காவிட்டால் படிப்பு போதும் என்று பசீலாவின் வாப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வேறு பார்த்தாயிற்று.

11.2 வியாழன்
ஆசிரியர் அறை. பிரதி அதிபரிடம் தாள் நீட்டி, காசில்லாமல் மனசால் நூறு பூ, தலை எழுதச் சொன்னேன். பெருமையாக எழுதினார். முடிவு இரண்டடி. பதினேழு தாளோடு கலந்தால் அவருடையது எதுவென்று தெரியாது.
"இப்ப காசச் சுண்டிப் பாருங்க சேர்."
"லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு."
அதிபரிடம் போனேன். அவருக்கு விளங்கியது. அதுதான் கேவலம்.
"ஓம் டீச்சர், நீங்க சொல்றது சரிதான். அதுக்காகப் பதினேழு ஊட்டுப் புள்ளையளையும் பொய்க்காரர் எண்டு சொல்லேலுமா? பசீலாட்ட ஒழுங்கான தாளொண்டு எழுதி வாங்குங்க. பேரப் போடுவம்."
பசீலாவைக் கூப்பிட்டேன். காசில்லாமல் மனசால் எழுதினாள். ஐந்து நிமிடம். எங்கும் மூன்று பூ சேரவில்லை. முடிவு பூச்சியம். சரி போட்டேன். பட்டியலில் பெயர் ஏறியது.
பழைய தாளைக் கிழித்ததும் நான்தான்.