வாப்பா எண்ணாத காசு

செமோர், மலேசியா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகன் ஷாஹ்ருலுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லாருக்கும் உடம்பு நலம், மனசுதான் நலமில்லை. நீ மான்செஸ்டரில் நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது நீ அனுப்புகிற லிங்க்கைப் பார்த்தாலே தெரிகிறது. இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய், காகிதத்தில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதற்குத்தான். அஃப்ரீனிடம் கொடுத்து ஈப்போவில் போஸ்ட் பண்ணச் சொல்லப் போகிறேன், பிரித்துப் படிக்காதே என்றும் சொல்வேன், உன் தங்கச்சி கேட்பாளா என்பது அவளுக்கே வெளிச்சம்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத வராது. உன் மாமி வீட்டுக் கல்யாணத்துக்கு இந்தியாவுக்குப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போன நாங்கள், ஏர்போர்ட்டோடு திரும்பி வந்தோம். பஸ்ஸில் உன் வாப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறார், கொடுத்த தண்ணீரைக் கூடக் குடிக்கவில்லை, நான் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன், அப்போது டிங் என்று உன் மெசேஜ். எவ்வளவு காசு கொண்டு போகலாம், எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு லிங்க். அதன் கீழே, ஏன் டிக்ளேர் பண்ணலை, இது பேசிக்லா உம்மா என்று. பேசிக்! பெற்ற தகப்பனைக் கள்ளனை உட்கார வைக்கிற மாதிரி ஒரு ரூமில் உட்கார வைத்திருந்தார்கள், சாப்பிட்டாரா, மருந்து போட்டாரா என்று ஒரு வார்த்தை இல்லை, உனக்குப் பேசிக்தான் முக்கியமாகப் போய்விட்டது.

நீ பேங்கில் வேலை பார்க்கிறாய், உனக்கு எல்லாம் தெரியும், சரி. உன் வாப்பா ஊருக்குப் போகிறார் என்றால் இங்கே என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? நம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர், பக்கத்து முடி வெட்டுகிற கடை கனகராஜ், மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறவர்கள் வரைக்கும், பாய் ஊருக்குப் போறீங்களாமே, இதை வீட்ல கையில குடுத்துருங்க என்று ஆளுக்கொரு கவர் கொண்டு வந்து நீட்டுவார்கள். பேங்க் கணக்கு இல்லாதவனும் கொடுப்பான், இருக்கிறவனும் கொடுப்பான். உன் வாப்பா போய் அந்தந்த வீட்டு வாசலில் நின்று கையில் கொடுத்து, உன் புருஷன் நல்லா இருக்கான்மா, கொஞ்சம் வயிறு போட்டிருக்கு என்று சொல்லிவிட்டு வருவார், அதற்காகத்தான் கொடுப்பார்கள். நூஹு பாயிடம் கொடுத்த கவர் ஒட்டினபடியே போய்ச் சேரும் என்று இந்த செமோரில் ஒரு பேர் இருக்கிறது. பிரிக்க மாட்டார், எண்ண மாட்டார், எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்கவும் மாட்டார். நம்பி ஒப்படைத்த அமானத்து என்றால் அவருக்கு அப்படி.

டிக்ளேர் பண்ணுகிற ஃபாரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதே. பத்தாயிரம் அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேலே போனால் கஸ்டம்ஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்துவிட்டால் தாராளமாகக் கொண்டு போகலாம் என்று அஃப்ரீன் முதல் வாரமே படித்துச் சொன்னாள். உன் வாப்பாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். அதில் பேர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் சரி, எவ்வளவு காசு என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதுவார்? எழுத வேண்டுமானால் எண்ண வேண்டும், எண்ண வேண்டுமானால் பிரிக்க வேண்டும். அடுத்தவன் பொண்டாட்டிக்கு அனுப்புற காசை நான் எதுக்கு எண்ணணும், அவ்ளோலாம் இருக்காது சக்கீனா, எல்லாம் கூலிக்காரங்க என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு கவரும் மெல்லிசாகத்தான் இருந்தது. சேர்த்து வைத்தால் எவ்வளவு வரும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எனக்கு மட்டும் மனசு கேட்காமல் உனக்கு ஃபோன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது ரயிலில் இருந்தாய். என்ன சொன்னாய் நீ? எண்ணிப் பாருங்கள் என்று சொன்னாயா? கவலைப்படாதீங்கலா உம்மா, ஆளுக்கு லிமிட் தனித்தனி, ரெண்டு பேக்ல பாதி பாதி பிரிச்சு வைங்க, ஒண்ணும் கேக்க மாட்டான் என்றாய். பேங்கில் இருக்கிற பிள்ளை சொல்கிறதே என்று நானும் கவர்களைக் கையால் அள்ளிப் பாதியை என் பையில் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன், பாதியை அவர் பையில் வைத்தேன். அப்போது எங்கே போயிருந்தது உன் பேசிக்?

என் பைதான் முதலில் மெஷினுக்குள் போனது. மெஷினைப் பார்க்கிற பெண் அதை நிறுத்தி, திரும்பப் பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தாள். ஒரு பையனைக் கூப்பிட்டாள், உன் வயசுதான் இருப்பான், மரியாதையாகத்தான் பேசினான். மாக்சிக், உள்ளே காசு இருக்கிறதா, எவ்வளவு என்று மலாயில் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். யாருடைய காசு என்றான். என்னுடையது இல்லை என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்! அவன் முகம் மாறிப்போனது. அடுத்து உன் வாப்பாவின் பை. அவரிடமும் அதே கேள்வி, அவரும் வரி மாறாமல் அதே பதில், எவ்வளவு என்று தெரியாது, என்னுடையது இல்லை என்று. நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே பேசி வைத்து வந்த மாதிரி ஆகிவிட்டது. கஸ்டம்ஸைக் கூப்பிட்டார்கள். ஒரே காசை எதற்கு இரண்டு பையில் பிரித்து வைத்தீர்கள், சேர்த்துத்தான் கணக்கு, மறைக்கத்தானே என்று அவர்கள் கேட்டபோது, என் மகன் சொன்னான் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அதையும் உன் கணக்கில் வைத்துக்கொள்.

ரூமுக்குள் மேசை மேல் கவர்களைப் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். உன் வாப்பா சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். பாக்சிக், நீங்கள் பார்க்க வேண்டும், உங்கள் முன்னால்தான் எண்ண வேண்டும் என்று அந்தப் பையன் கெஞ்சாத குறையாகச் சொல்கிறான், இவர் திரும்பவே இல்லை. நான்தான் பார்த்தேன். கடைசியில் கூட்டிச் சொன்னார்கள், ஐம்பதாயிரம் வெள்ளியைத் தாண்டிவிட்டது, அந்தப் பத்தாயிரம் டாலர் கணக்குக்கும் மேலே. கூலிக்காரர்கள் காசுதான், ஆனால் எத்தனை மாசமாகச் சேர்த்தார்களோ. மூவாயிரம், நாலாயிரம் என்று வைத்திருக்கிறார்கள். பிளேன் அதற்குள் போய்விட்டது.

ஒவ்வொரு கவராக எடுத்து யாருடையது என்று கேட்டார்கள். எல்லாவற்றிலும் பேர் எழுதியிருந்தது, இவரும் ஆமாம், இன்ன வேலை, இன்ன ஊர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றில் மட்டும் பேர் இல்லை, தேயிலைப் பெட்டியின் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உனக்குப் புரிந்திருக்கும். சீனியுடையது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆடை படியாமல் டீ ஆற்றித் தருவாரே, நம் கடை டீ மாஸ்டர், அதே சீனிதான். வேலை பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்த காசை ஏஜென்ட் தின்றுவிட்டு ஓடிப்போனதிலிருந்து அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை, மறுபடி எடுக்க உன் வாப்பா அலையாத ஆபீஸ் இல்லை. பேர் சொன்னால் ஆளைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால், உரிமைக்காரர் இல்லாத காசு அரசாங்கத்துக்குப் போய்விடும் என்றார்கள். உள்ளே நாலாயிரத்து இருநூறு வெள்ளி. அவர் மனைவிக்குப் பரமக்குடியில் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் தேதியெல்லாம் கொடுத்துவிட்டார்கள்.

நான் இவர் காலை மேசைக்கு அடியில் மிதித்தேன். உங்களுதுன்னு சொல்லித் தொலைங்களேன் என்று தமிழில் முணுமுணுத்தேன். காலை மட்டும் இழுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் கத்தினேன், ஆமாம், ஆளுங்க பார்க்கத்தான் கத்தினேன். அப்போது சொல்கிறார், அமானத்தை என்னோடதுன்னு சொல்ல நாக்கு வரல சக்கீனா, அவன் பேரைச் சொல்லவும் நாக்கு வரல என்று. நல்ல நாக்கு! இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாட்டை நீ எங்கே பார்க்கிறாய்.

மற்றவர்கள் காசு எங்கும் போகவில்லை, அடுத்த மாசம் விசாரணை, அவரவர் சம்பளச் சீட்டும் பாஸ்போர்ட்டும் கொண்டு வந்து காட்டினால் கிடைக்கும், அபராதச் சம்மன் மட்டும் நாம் கட்ட வேண்டும் என்று லாயர் சொல்கிறார். சீனி காசு போனது போனதுதான். ஆபரேஷன் தள்ளிப் போடக்கூடியதில்லை. செமோருக்குத் திரும்பி வந்த மறுநாள் உன் வாப்பா குளித்து உடுத்திக்கொண்டு ஈப்போவுக்குப் போனார், என்னையும் வரச் சொன்னார், எங்கே என்று சொல்லவில்லை. தாபுங் ஹாஜி கவுன்டரில் போய் நின்றார். ஹஜ்ஜுக்கென்று கல்யாணமான வருஷத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் போட்டு வருகிற கணக்கு, அதில் நாலாயிரத்து இருநூறு எடுத்தார். அங்கிருந்து காசு அனுப்புகிற கடைக்கு, சீனி மனைவி பேருக்கு அனுப்ப. என் ஐ.சி. அடையாள அட்டையைக் காட்டினேன், கவுன்டர் பிள்ளை எதற்கு அனுப்புகிறீர்கள் என்றாள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்றேன், முடிந்தது. வாங்கி வைத்த தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இதற்கா நாங்கள் அந்த ரூமில் உட்கார்ந்தோம் என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

சீனியிடம் உண்மையைச் சொல்லவில்லை. உன் காசை மொதல்ல விட்டுட்டாங்க, அனுப்பிட்டோம் என்று சொன்னார் உன் வாப்பா. அதிலிருந்து பிடித்தது வினை. அந்த மனுஷன் சந்தோஷம் தாங்காமல், மொதலாளி கிட்ட குடுத்த காசு கஸ்டம்ஸுக்கே போனாலும் வந்து சேரும்லா என்று கடை பூரா சொல்லித் தீர்த்துவிட்டார். மறுநாள் கனகராஜ் வந்து கல்லா முன்னால் நிற்கிறார். சீனி காசு வந்துருச்சாமே பாய், எங்க காசுக்கு மட்டும் என்ன விசாரணை, ஆள் பார்த்துக் குடுக்குறீங்களா என்று சாப்பிடுகிறவர்கள் முன்னால் கேட்டார். பின்னாடியே இன்னும் நாலு பேர். அதற்கு இவர் என்ன பதில் சொல்ல முடியும்? சொன்னால் சீனி பேர் வெளியே வரும். பொறுங்க, வந்துரும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது கல்லாவில் நான்தான் உட்காருகிறேன், அவர் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடையை ஆரம்பித்ததிலிருந்து அவர் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமல் இருந்தது கிடையாது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், சீனி எல்லாருக்கும் கேசரி கொடுத்தார். அதோடு விட்டாரா? நேற்றுச் சம்பளம் வாங்கின கையோடு இன்னொரு கவர் கொண்டு வந்து, அதே சணல் கயிறு கட்டி, அடுத்த தடவை போறப்ப குடுத்துருங்க மொதலாளி, பேங்க் கீங்கெல்லாம் நமக்கு எதுக்கு என்று உன் வாப்பா கையில் வைத்துவிட்டுப் போனார். இவர் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கடை சாத்தின பிறகு அதை என்னிடம் நீட்டினார். எண்ணிரு சக்கீனா என்றார். சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார், அந்த ரூமில் திரும்பின மாதிரியே. ஷாஹ்ருல், அவரோடு குடித்தனம் பண்ணின இத்தனை வருஷத்தில் நான் அழுதிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், ஆனால் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நினைத்ததில்லை.

நான் எண்ணவில்லை. கவர் அலமாரியில் அப்படியே இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு லீவு போட்டு வருகிறேன் என்றாய் அல்லவா, வா. சட்டம் தெரிந்தவன் நீதானே. உன் வாப்பா பார்த்துக்கொண்டிருக்க நீயே அந்தக் கயிற்றை அவிழ்த்து எண்ணு. உன்னால் முடிந்தால், அதற்குப் பிறகு பேசிக் என்கிற வார்த்தையை இந்த வீட்டில் நீ சொல்லலாம். முடியாவிட்டால், இப்போதே வாப்பாவுக்கு ஃபோன் போடு, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள், வேறொன்றும் வேண்டாம்.

குளிர்காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு போ, ஐந்து நேரத் தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், கொஞ்சம் நிதானத்தையும் தருவானாக. ஃபோனைச் சீனி எடுத்தால் உளறி வைக்காதே, காசு வந்ததே அண்ணே, சந்தோஷம் என்று மட்டும் சொல். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் மேல் கோபம் இன்னும் போகாத
உம்மா சக்கீனா