படுத்துக் கிடந்த கோடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. உன் மனைவி நேற்று வந்து பகல் முழுக்க இருந்துவிட்டுப் போனாள். பிள்ளைக்கு இரண்டாவது பல் முளைத்துவிட்டது. அவன் கடிக்காத ஆளே இல்லை. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி.

நேற்று போனில், "நீ போட்ட படத்த நீயே நம்பலன்னா நாங்க யார நம்புறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். கேள்வி நியாயமானது. காரணம் சொல்லாமல் வேலையை நிறுத்து என்று கத்தியது நான்தான்.

அறிக்கையில் உள்ள அந்தக் கோட்டுப் படம் என் கைவரிசை. உங்கள் சுரங்கப்பாதை அறிக்கை பத்துப் பக்கத்தைத் தாண்டக் கூடாது, கம்பெனி இயக்குநர்கள் பக்கம் புரட்ட மாட்டார்கள் என்றார் மேலாளர். வடிகால் நீர்மட்டத்தையும் கூரை விரிசலையும் ஒரே படமாக்கி அரைப் பக்கத்தில் அடக்கினேன். நீர்மட்டம் தொண்ணூறு சென்டிமீட்டர் வரை போகிறது. அதற்காக இடப்பக்க அளவை நூறு வரை வைத்தேன். விரிசல் மில்லிமீட்டர் கணக்கு. எண் எண்தானே என்று அதையும் அதே அளவில் போட்டேன். யானைக்குப் பக்கத்தில் எறும்பை நிறுத்தி, எறும்பு வளரவில்லை என்று சொன்ன கதைதான். "படம் சுத்தமா இருக்கும்மா" என்று மேலாளர் பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை புது எண்களைத் தட்டும்போதுதான் கவனித்தேன். கூரையைத் தாங்கும் ஏழாம் வளைவுக்கு மேலே உள்ள விரிசல் நாலு மாதம் இரண்டு மில்லிமீட்டரிலேயே நின்றது. பிறகு வாராவாரம் இரண்டரை, மூன்றரை, ஐந்து. படத்திலோ அந்தக் கோடு இஸ்திரி போட்டதுபோல் படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் அதற்கு அடியில் வேலையைத் தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அங்கே நாற்பது பேருக்குப் பொறுப்பு நீ.

மேலாளரிடம் போனேன். "கையெழுத்தான அறிக்கை. அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்றார். விரிசல் உங்கள் மாதத்துக்குக் காத்திருக்குமா என்று கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாதுகாப்பு அதிகாரிக்கு நானே நேராக எழுதிவிட்டேன். என் வேலை போனால் போகட்டும். அவர் வியாழக்கிழமைதான் வர முடியுமாம். இன்று திங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால்தான் இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். செல்போனில் அனுப்பினால் அந்தச் சின்னத் திரையில் இதுவும் படுத்துவிடும். உன் கையிலேயே கொடுக்கும்படி உங்கள் இடத்துக்குச் சிமெண்ட் லாரி ஓட்டுகிற அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். விடிவதற்குள் அங்கே வந்துவிடுவார். கட்டம் போட்ட தாளில் விரிசலை மட்டும் பென்சிலால் போட்டிருக்கிறேன், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. ஆறில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தொட்டால் வேலையை நிறுத்த வேண்டும் என்று உங்கள் விதிப்புத்தகமே சொல்கிறது. கடைசிக் கட்டம் காலி. உன் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த அறிக்கைப் படத்துக்குப் பக்கத்தில் இதை வை. விடிந்ததும் நீயே அளந்து, நீயே அந்தப் புள்ளியைப் போடு.

சிவப்பைத் தொட்டால் எல்லோரையும் வெளியே கூட்டி வா. தொடாவிட்டாலும் கூட்டி வா. திட்டு என் தலையில் விழட்டும்.

சின்ன வயதிலிருந்தே எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் பஸ் ஏறுகிற ஆள் நீ. இரண்டு தடவை பஸ்ஸை விட்டிருக்கிறாய், ஞாபகமிருக்கிறதா? வெளியே வந்ததும் உன் தலையையும் சேர்த்து எண்ணிவிட்டு எனக்குப் போன் பண்ணு. நாற்பது என்று சொன்னால் நான் போனை வைக்க மாட்டேன். நாற்பத்தொன்று என்று சொல்லு.

நீ நூறு வயது நல்லா இருக்கணும்.

உன் அக்கா